மூண்டு மணித்தியாலம் குடுத்து ஒரு மிசின் வாங்கின கதை

2005ம் ஆண்டு மாசி மாசம். நான் பின்னேர ஷிப்ட்டில நிக்கேக்க ரெண்டு பேர் ஹாலுக்குள்ள வந்து மீற்றர் நாடாவால பிரெஸ் மிசினை அளந்திச்சினம். நீளம், அகலம், அடியில இருக்கிற அத்திவாரம், பிறகு பெரிய கதவின்ட அகலம், எல்லாத்தையும் எழுதி போட்டோவும் எடுத்திச்சினம். ஆர் எண்டு கேட்டதுக்கு இன்சூரன்ஸ்காரர் எண்டு போர்மன் சொன்னவர். இன்சூரன்ஸ்காரனுக்கு என்னத்துக்கு கதவின்ட அகலம்? பக்கத்தில ஒரு துருக்கிக் கிழவர் நிண்டவர், முப்பது வருசமா அந்தப் பக்டரியில கிடந்தவர், அந்த நாடாவையே பார்த்துக்கொண்டு நிண்டிட்டு மெல்லமா சொன்னார், "வீடு மாறப் போறவன்தான் அலுமாரியை அளப்பான்" எண்டு.

நான் 89ல ஜேர்மனிக்கு வந்தனான், 92ல இருந்து நோர்ட்றைன் வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில சவர்லாண்ட் பக்கம் ஒரு கார் பாகம் செய்யிற பக்டரியில வேலை, சீட் வழுக்கிற றெயில், கதவுப் பிணைச்சல் மாதிரி சாமான்கள். கொம்பனிப் பேர் வேண்டாம், பேர் சொல்லி ஒண்டும் ஆகப்போறதில்ல. கிட்டத்தட்ட 380 பேர், துருக்கி, இத்தாலி, போர்த்துக்கல், ஜேர்மன்காரர், தமிழர் நாங்கள் ஒம்பது பேர். 2002 தேர்தலில நான் பெற்றிப்ஸ்ராட்டுக்கு வந்தனான், அதாவது பக்டரிக்குள்ள தொழிலாளர் தெரிவு செய்யிற குழு. வந்தது ஒரு விபத்து மாதிரித்தான், எங்கட தமிழ் ஆக்களுக்கு கடிதம் வாசிச்சுச் சொல்லிக் குடுத்துத் திரிஞ்சதால ஆரோ பேரைப் போட்டிட்டாங்கள்.

நாடா வந்து மூண்டு கிழமையால கூட்டம். மனேஜர்மார் திரையில ரெண்டு தடி கீறிக் காட்டிச்சினம், பெரிய தடி நாங்கள், குட்டித் தடி செக் நாட்டில ஒரு மணித்தியாலத்துக்கு ஆகிற கூலி. கிழமைக்கு 35 மணித்தியால வேலையை 40 ஆக்கவேணும், கூடுற அஞ்சுக்கும் காசு இல்ல, கிறிஸ்மஸ் காசு இல்ல, அப்பிடிச் செய்தா ரெண்டு வருசத்துக்கு ஒருத்தரையும் நிப்பாட்டமாட்டம், இல்லாட்டி மிசின் லொறியில ஏறும். இதைத்தான் அரை மணித்தியாலம் கதைச்சவை.

இது அவையின்ட சொந்த மூளை இல்ல. அதுக்கு முதல் வருசம், 2004 ஆனியில, எங்களுக்கு மேற்காக இருக்கிற போக்கோல்ட், கம்ப் லிண்ட்ஃபோர்ட் எண்ட ரெண்டு ஊரில சீமென்ஸ் போன் பக்டரிகளில இதேதான் நடந்தது. ரெண்டாயிரம் வேலையை ஹங்கேரிக்கு கொண்டுபோறம் எண்டு வெருட்டி, 40 மணித்தியாலம், கூடின நேரத்துக்குச் சம்பளம் இல்ல, லீவுக் காசு கிறிஸ்மஸ் காசுக்குப் பதிலா லாபத்தைப் பொறுத்த போனஸ், ரெண்டு வருச வேலை உத்தரவாதம். 2004 மே 1ம் திகதிதான் போலந்து, செக், ஹங்கேரி எல்லாம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள வந்தது. அந்தப் பேப்பர் செய்தியை வெட்டி மேசை லாச்சிக்குள்ள வைக்காத மனேஜர் அண்டைக்கு எங்கட பக்கத்தில இல்ல. அதே கோடையில சின்டல்ஃபிங்கனில பென்ஸ் கார் செய்யிற டைம்லர்காரர் 50 கோடி யூரோ மிச்சம் பிடிக்கவேணும், இல்லாட்டி சீ கிளாஸ் காரை பிரேமனுக்கும் தென்னாபிரிக்காவுக்கும் மாத்துவம் எண்டு நிண்டு, கடைசியில 2012 வரை ஆக்களை நிப்பாட்டமாட்டம் எண்ட வாக்கோட ஒப்பந்தம் எழுதினவை.

இப்ப இந்த நாட்டின்ட சம்பளப் பேச்சு எப்பிடி ஓடுது எண்டு சொல்லாட்டி மிச்சக் கதை விளங்காது. எங்கட இரும்புத் துறையில சம்பளத்தை பக்டரியில கதைக்கிறேல்ல. ஐ.ஜி. மெட்டல் தொழிற்சங்கமும் முதலாளிமார் சங்கமும் மாநிலம் மாநிலமா இருந்து கதைச்சு ஒரு ஒப்பந்தம் எழுதுவினம், அந்த முதலாளி சங்கத்தில இருக்கிற எல்லாக் கொம்பனிக்கும் அது செல்லும், பெரிசு சின்னன் இல்ல. 35 மணித்தியாலமும் அப்பிடி வந்ததுதான், 84ல பெரிய ஸ்ட்ரைக் நடந்து, படிப்படியா இறங்கி, 95 ஐப்பசியில முழுசா வந்தது. பெற்றிப்ஸ்ராட்டுக்கு சம்பளம் கதைக்க உரிமை இல்ல, சட்டத்தின்ட 77ம் பிரிவு தெளிவாச் சொல்லுது, சங்க ஒப்பந்தத்தில இருக்கிற விசயத்தை பக்டரிக்குள்ள தனியா மாத்தி எழுத ஏலாது, அந்த ஒப்பந்தமே கதவைத் திறந்து விட்டிருந்தால் ஒழிய. அதோட பெற்றிப்ஸ்ராட் ஸ்ட்ரைக்குக் கூப்பிடவும் ஏலாது. கையில சம்பளமும் இல்ல, தடியும் இல்ல. கன காலமா இதை ஒரு குறையா நினைச்சிருந்தனான், பிறகுதான் விளங்கினது அது ஒரு வேலி எண்டு. வெளிநாட்டுக்குப் போறம் எண்டு வெருட்டிறவன் முதல் உடைக்கப் பாக்கிறது அந்த வேலியைத்தான், ஏனெண்டா ஒரு லட்சம் பேரை வெருட்டிறது கஷ்டம், 380 பேரை வெருட்ட ஒரு பின்னேரம் காணும்.

2004 மாசி 12ம் திகதி ஃபோர்ட்ஸ்ஹைம் எண்ட ஊரில வைச்சு சங்கமும் முதலாளிமாரும் ஒரு உடன்பாடு எழுதிச்சினம், மற்ற மாநிலங்களும் அதை எடுத்தவை. வேலையைக் காப்பாத்த, போட்டியில நிக்க, புது முதலீடு வர எண்டா ஒரு பக்டரி பொது ஒப்பந்தத்தில இருந்து கொஞ்சக் காலம் விலகலாம், ஆனா விலகிறதை பெற்றிப்ஸ்ராட் தனியா எழுத ஏலாது, சங்கமும் முதலாளி சங்கமும் கையெழுத்து வைக்கவேணும், கொம்பனி கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டவேணும். கதவு திறந்தவை, திறப்பை மட்டும் சங்கம் தன்ர கையில வைச்சிட்டுது. அப்ப சங்கத்துக்குள்ளயே கன பேர் இதைத் துரோகம் எண்டு ஏசினவை. நான் ஏசேல்ல, எங்கட சுற்றுவட்டாரத்தில அதுக்கு முதலே கன பக்டரியில மேசைக்குக் கீழால இப்பிடி எழுதினது எனக்குத் தெரியும், ஒளிச்சுச் செய்யிறதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது நல்லதெண்டுதான் இண்டைக்கும் நினைக்கிறன்.

சரி எங்கட கதைக்கு வாறன். மனேஜர்மார் முதல் செய்தது பெற்றிப்ஸ்ராட் ஆக்களை ஒவ்வொருத்தரா கோப்பிக்குக் கூப்பிட்டது. என்னட்ட, நீங்கள் கஷ்டப்பட்டு வந்த ஆள், வீட்டுக் கடன் இருக்கு, விளங்காதே உங்களுக்கு எண்டு கேட்டவர். என்ர வீட்டுக் கடன் இவருக்கு எப்பிடித் தெரியும் எண்டு எனக்கு வயித்தைக் கலக்கினது. வீட்டை வந்து மனிசியிட்ட சொல்ல, அவ நாப்பது மணித்தியாலம் எண்டா வேலை செய்யிறதுதானே, ஊரில மனிசர் எவ்வளவு நேரம் தோட்டத்தில நிண்டவை எண்டா. பொய் சொல்லேல்ல, எனக்கும் மனசுக்குள்ள அதுதான். வேலை போனா வாற காசை 2006 மாசியில இருந்து 55 வயசுக்குக் கீழ உள்ளவைக்கு ஒரு வருசத்தோட நிப்பாட்டப் போறாங்கள் எண்டு சட்டம் வந்திருந்தது, அதுக்குப் பிறகு ஹார்ட்ஸ் நாலு எண்ட அடிமட்ட அரசாங்க உதவிக் காசுதான். அந்தப் பயத்தில ரெண்டாம் கிழமையே ஒரு கொப்பி ஹாலுக்குள்ள சுத்தினது, நாங்கள் 40க்கு ஓம் எண்டு 140 பேர் கையெழுத்து. அதில மூண்டு தமிழ்ப் பேர் இருந்தது. நான் அவையளோட சண்டை பிடிக்கேல்ல, பிடிச்சிருந்தா அவையள் மனேஜர்ப் பக்கம் போயிருப்பினம்.

சங்கத்தின்ட ஊர்க் காரியாலயத்தில இருந்து வந்த அம்மா ஒரு ஐம்பது வயசு ஆள், சிரிப்பே இல்ல. வந்து முதல் கேட்டது, இஞ்ச எத்தினை பேர் மெம்பர்? நூற்றுக்கு நாப்பது எண்டம். அவ சொன்னா, நான் மெம்பர்மாருக்காகத்தான் கதைப்பன், நாப்பது வீதத்தோட போய் இருந்தா அவையள் என்னைப் பார்த்துக் கோப்பி ஊத்துவினம், எழுபது வீதத்தோட போனா கதிரை இழுத்துப் போடுவினம். முடிவும் மெம்பர்மார் வோட்டுப் போட்டுத்தான் எடுக்கிறது, வெளியில நிக்கிறவைக்கு வோட்டு இல்ல. மாசம் சம்பளத்தில ஒரு வீதம் சந்தா, அது கூட எண்டு பத்து வருசமா புறுபுறுத்த ஆக்கள் ஆறு கிழமைக்குள்ள போர்ம் நிரப்பிச்சினம். கடைசியில எழுபதைத் தாண்டினது. எனக்கு அதில ஒரு கோபமும் இருக்கு, மழை வந்த பிறகு கூரை போடுறது எங்கட சனத்தின்ட பழக்கம், ஜேர்மன்காரரும் அப்பிடித்தான் எண்டு அண்டைக்குத்தான் கண்டனான்.

அடுத்தது கணக்கு. 300 பேருக்கு மேல வேலை செய்யிற இடத்தில இப்பிடிப் பெரிய மாற்றம் வந்தா பெற்றிப்ஸ்ராட் வெளியில இருந்து ஒரு ஆலோசகரைக் கொம்பனி செலவில எடுக்கலாம். இது கன பேருக்குத் தெரியாது, தெரிஞ்சவையும் வெக்கத்தில கேக்கிறேல்ல. வந்த பொடியன் அஞ்சு நாள் புத்தகத்துக்குள்ள கிடந்தான். அந்த ரெண்டு தடியிலயும் கூலி மட்டும்தான் இருந்தது, எங்கட சாமானில கூலி நாலில ஒரு பங்குக்கும் குறைவு, மிச்சம் உருக்கு, கரண்ட், அச்சு, கழிவு. மிசினைக் கழட்டிப் பூட்டுற செலவு இல்ல, லொறிக் காசு இல்ல, கார்க் கொம்பனி புது இடத்தில செய்த பாகத்தை திரும்பச் சோதிச்சு ஓம் எண்டு சொல்ல ஆகிற மாசங்கள் இல்ல, அந்த மாசங்களுக்கு முன்கூட்டியே செய்து அடுக்கி வைக்கவேண்டிய ஸ்ரொக் இல்ல. இதெல்லாம் போட்டா குட்டித் தடி வளந்து எங்கட தோளுக்கு வந்திட்டுது. பொதி கட்டிற வேலை, கையால பூட்டுற வேலை மட்டும் உண்மையிலேயே அங்க மலிவு, அதை ஒளிக்க ஏலாது. அந்த நேரம் எங்கட மாநில ஐ.ஜி. மெட்டலில ஒரு சுலோகம் ஓடினது, மலிவு வேண்டாம், திறம் ஆக்கு எண்ட மாதிரி. நான் சுலோகம் எண்டு சிரிச்சனான், ஆனா எங்கட அச்சு மாத்திற நேரத்தை ஒண்டரை மணித்தியாலத்தில இருந்து நாப்பது நிமிசத்துக்குக் குறைக்கலாம் எண்டு காட்டினது துருக்கிக் கிழவர்தான், பதினைஞ்சு வருசமா ஒருத்தரும் அவரைக் கேக்கேல்லயாம்.

பேச்சு ஆவணி வரை இழுத்தது. முடிவு இதுதான்: 35க்குப் பதிலா 38, மூண்டு மணித்தியாலம் சும்மா, மூண்டு வருசத்துக்கு. கிறிஸ்மஸ் காசு பாதி. அவையின்ட பக்கம் 2008 கடைசி வரை ஆளை நிப்பாட்ட ஏலாது, ஒவ்வொரு வருசமும் பழகிற பெடியளை எடுக்கவேணும், 800 தொன் புது பிரெஸ் ஒண்டு எங்கட ஹாலில 2006 ஆனி 30க்கு முதல் பூட்டவேணும், அடுத்த சீட் றெயில் ஓடர் அந்த மிசினில எங்கட இடத்திலதான் ஓடவேணும். அந்த அம்மா நிண்டு எழுதுவிச்ச ஒரு வரி இருக்கு, அதுக்காகத்தான் இவ்வளவும் எழுதுறன்: மிசின் அந்தத் திகதிக்கு வராட்டி ஒப்பந்தம் அண்டைக்கே செல்லாது, அதுவரை சும்மா செய்த மணித்தியாலம் எல்லாத்துக்கும் திரும்பிக் காசு. அவையின்ட வக்கீல் இந்த வரிக்கு மட்டும் ரெண்டு நாள் சண்டை பிடிச்சவர். ரெண்டு நாள் சண்டை பிடிக்கிற வரியில தான் விசயம் இருக்கு எண்டு அவ எனக்குச் சொன்னா, அண்டைக்குத்தான் முதல் தரம் சிரிச்சா. மெம்பர் வோட்டில பத்தில ஏழு பேர் ஓம்.

2006 ஆனி 30 வந்தது, மிசின் வரேல்ல. சப்ளையர் பிந்திட்டான், கொஞ்சம் பொறுங்கோ எண்டு மெயில். பெற்றிப்ஸ்ராட்டில பாதிப் பேர் பொறுப்பம் எண்டிச்சினம், நானும் அதில ஒருத்தன், வெக்கம்தான். அந்த அம்மா போனில ஒரு வசனம், நீங்கள் பொறுத்தா அந்த வரி செத்திடும். அடுத்த நாளே பதிவுத் தபாலில கடிதம், இன்னும் இத்தினை நாளுக்குள்ள வராட்டி இத்தினை ஆயிரம் மணித்தியாலத்துக்குக் காசு எண்டு பெருக்கிக் கூட்டி எழுதினது. நாலு கிழமையில லொறி வந்தது. ஹாலே கை தட்டினது, ஒரு மிசினுக்கு ஆக்கள் கை தட்டினதை நான் அண்டைக்குத்தான் பார்த்தனான்.

அதே வருசம் புரட்டாசிக் கடைசியில கம்ப் லிண்ட்ஃபோர்ட் கதை முடிஞ்சது. உத்தரவாதம் குடுத்த சீமென்ஸ் 2005ல போன் பகுதியைத் தாய்வானின்ட பென்கியூவிட்ட குடுத்திட்டுது, பென்கியூ இஞ்சத்தைய கொம்பனிக்கு காசு அனுப்பிறதை நிப்பாட்ட அது திவால், சனம் அஞ்சு மணித்தியாலம் சும்மா செய்ததுதான் மிச்சம். என்ர மச்சான்ர கூட்டாளி ஒருத்தர் அங்க வேலை, ஹம் எண்ட ஊர்க் காமாட்சி அம்பாள் கோயிலில கண்டனான், அவர் ஒண்டும் கதைக்கேல்ல, தேர் வடத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். உத்தரவாதம் எழுதினவனே கை மாறிப்போனா என்ன செய்யிறது எண்டு ஆராவது கேக்கோணும் எண்டு அதுக்குப் பிறகுதான் எங்களுக்கும் உறைச்சது. அடுத்த ஒப்பந்தத்தில வாங்கிறவனுக்கும் இது செல்லும் எண்டு ஒரு வரி போட்டனாங்கள்.

இனி நாங்கள் விட்ட பிழை. உத்தரவாதம் நிரந்தர ஆக்களுக்கு மட்டும்தான். லைஃபிர்மா எண்டுவினமே, ஆள் வாடகைக்குக் குடுக்கிற கொம்பனியால வந்தவை, அறுபது பேர், அவையளைப் பற்றி ஒரு வசனமும் எழுதேல்ல. 2006 மாரிக்குள்ள நாப்பது பேர் போட்டினம். அதில யாழ்ப்பாணத்துப் பொடியன் ஒருத்தன், என்னை அண்ணை எண்டு கூப்பிட்டவன், போகேக்க சொல்லிக்கொண்டு போகேல்ல. பொதி கட்டிற பகுதியையும் நாங்கள் விட்டிட்டம், அது பொம்பிளையள் வேலை செய்த இடம், 2007ல செக்குக்குப் போனது, அவையளை உள்ளுக்க வேற இடத்துக்கு மாத்தினது எண்டாலும் கன பேருக்கு சம்பளத் தரம் இறங்கினது. பிரெஸ் ஆம்பிளையள் பேச்சு மேசையில இருந்தவை, பொதி கட்டினவையில ஒருத்தரும் இருக்கேல்ல, அவ்வளவுதான் காரணம்.

அந்த வேலையைப் பழக செக்கில இருந்து எட்டுப் பேர் ஆறு கிழமை வந்து நிண்டவை. ஒரு பொடியன் என்னோட ஒட்டினவன், அவனுக்கும் ஜேர்மன் அரைகுறை எனக்கும் அரைகுறை, நல்லா விளங்கினது. உங்கட சம்பளம் எவ்வளவு எண்டு கேட்டான், சொன்னன், கன நேரம் பேசாமல் நிண்டான். அவையின்ட நாட்டில பெரும்பாலும் பக்டரி பக்டரியாத்தான் சம்பளம் கதைக்கிறது, எங்களைப் போல மாநிலத்துக்கு ஒண்டு இல்ல. அவன்ர இடத்தில அப்ப சங்கமே இல்ல.

38 மணித்தியாலம் 2008 மார்கழியோட முடிஞ்சு 2009 தையில 35க்குத் திரும்பினம். பகிடி என்னெண்டா திரும்பேக்க வேலையே இல்ல, உலகப் பொருளாதாரம் விழுந்து எல்லாரும் குர்ட்ஸ்ஆர்பைட், கிழமைக்கு ரெண்டு நாள் வேலை, மிச்சத்துக்கு அரசாங்கம் கொஞ்சம் தரும். மூண்டு வருசம் கூட வேலை செய்து சேர்த்த ஸ்ரொக் கிடங்கில கிடந்தது.

அதுக்கிடையில 2008 தையில போஹும் எண்ட ஊரில நோக்கியா பக்டரியை மூடுறம், ருமேனியாவுக்குப் போறம் எண்டவங்கள், 2300 வேலை. நாங்களும் பஸ் பிடிச்சு ஊர்வலத்துக்குப் போனனாங்கள், குளிர், பதினைஞ்சாயிரம் சனம் எண்டு பேப்பரில போட்டவை. வெல்ல ஏலாது எண்டு எல்லாருக்கும் தெரியும். ஆனா அங்கதான் இந்தப் பேச்சு முறையின்ட மற்றப் பக்கத்தைக் கண்டனான். போறவனை மறிக்க சட்டத்தில இடம் இல்ல, போறதுக்கு விலை வைக்க இடம் இருக்கு. சோசியால்பிளான் எண்டு வேலை போறவைக்கு நட்டஈட்டுத் திட்டம் ஒண்டை பெற்றிப்ஸ்ராட் கட்டாயம் எழுதுவிக்கலாம், உடன்பாடு வராட்டி நடுவர் குழு தீர்க்கும். நோக்கியாவுக்கு அது 20 கோடி யூரோ. அதுக்கு முதல் 2006 தையில நியூர்ன்பெர்க் ஏ.ஈ.ஜி. வோஷிங் மிசின் பக்டரியை எலெக்ட்ரோலக்ஸ் போலந்துக்கு மாத்தேக்க சனம் ஆறு கிழமை ஸ்ட்ரைக் நிண்டு, சேவை செய்த வருசம் ஒவ்வொண்டுக்கும் 1.8 மாசச் சம்பளம் வாங்கினவை. மூடுறதுக்கு எதிரா இல்லாமல், மூடுறதின்ட விலைக்காக ஸ்ட்ரைக் செய்யலாமோ எண்டு வழக்குப் போய் 2007 சித்திரையில கூட்டாட்சித் தொழில் நீதிமன்றம் செய்யலாம் எண்டு தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு கொம்பனிகள் போறதுக்கு முதல் இன்னொரு தரம் கணக்குப் பார்க்கினம், அதை என்ர கண்ணால கண்டனான்.

அந்த நோக்கியா ருமேனியாவையும் 2011ல விட்டிட்டு ஆசியாவுக்குப் போட்டுது. 2014 கார்த்திகையில சென்னைக்குப் பக்கத்தில ஸ்ரீபெரும்புதூர் பக்டரியும் மூடினது, அங்க வரி வழக்கு வேற கதை, ஆனா ஆயிரக்கணக்கில இளம் பெட்டையள் பெடியள் விருப்ப ஓய்வு எண்டு ஒரு கடதாசியில கையெழுத்து வைச்சுப் போனவை. போஹும் ஊர்வலத்தில நான் பிடிச்ச மட்டையைப் போட்டோ எடுத்து வைச்சிருக்கிறன், அதை அண்டைக்கு எடுத்துப் பார்த்தன்.

எங்கட கொம்பனியை 2017ல ஒரு முதலீட்டுக்காரர் வாங்கினவை. முதல் செய்தது முதலாளி சங்கத்தில இருந்துகொண்டே ஒப்பந்தம் கட்டுப்படுத்தாத மெம்பரா மாறினது, அப்பிடி ஒரு வகை இருக்கு, சாப்பாட்டுக் கடையில கார்ட் எடுத்திட்டு சாப்பிடாமல் இருக்கிற மாதிரி. இப்ப இந்த நாட்டில பாதிப் பேருக்குத்தான் சங்க ஒப்பந்தம் இருக்கு, 90களின்ட கடைசியில மேற்கில நாலில மூண்டு பேருக்கு இருந்தது. 2023ல பிரெஸ் பகுதியை மூடுறம் எண்டவை. எனக்கு அப்ப 56.

இதில சிக்குப்படுற தமிழ் ஆக்களுக்கு நான் பட்டதைச் சொல்லுறன். விலகல் ஒப்பந்தம் எண்டு ஒரு கடதாசியை நீட்டி இண்டைக்கே கையெழுத்து வைச்சா ஆயிரம் யூரோ கூட எண்டுவினம், வைக்காதேங்கோ, வீட்டை கொண்டுபோங்கோ, நீங்களா விலகின மாதிரி ஆனா வேலையில்லாக் காசு பன்னிரண்டு கிழமை மறிபடலாம். நிப்பாட்டின கடிதம் கைக்கு வந்தா மூண்டு கிழமைக்குள்ள தொழில் நீதிமன்றத்துக்குப் போகவேணும், பிந்தினா சரி பிழை பார்க்கமாட்டினம். ஆர் முதல் போறது எண்டது புள்ளிக் கணக்கு, வயசு, சேவை வருசம், பராமரிக்கவேண்டிய ஆக்கள், உடல் ஊனம், அதால பிள்ளையின்ட பேர் சம்பள வரிப் பதிவில ஏறியிருக்கோ எண்டு பாருங்கோ, எங்களில ரெண்டு பேருக்கு ஏறேல்ல. ட்ரான்ஸ்ஃபர் கெசெல்ஷாஃப்ட் எண்டு பழக்கிற கொம்பனிக்கு மாத்தினா ஆகக் கூடினது ஒரு வருசம், நெற் சம்பளத்தின்ட 60 வீதம், பிள்ளை இருந்தா 67, கொம்பனி மேல எவ்வளவு போடுது எண்டதைத்தான் பேரம் பேசவேணும். அப்ஃபிண்டுங், அதாவது வேலை போகேக்க தாற நட்டஈட்டுத் தொகையைக் கேட்டு மயங்காதேங்கோ, வரி வெட்டும், அந்த வரியைக் குறைக்கிற ஐந்திலொண்டு வரிச் சலுகையை 2025ல இருந்து சம்பளத்தோட தாறேல்ல, பிறகு வரிக் கணக்குக் குடுக்கேக்க நீங்களே கேக்கவேணும். சங்கத்தில சேர்ந்து மூண்டு மாசமாகாட்டி வக்கீல் உதவி இல்ல, அதால நாடாவோட ஆள் வாற வரை பார்த்துக்கொண்டு இருக்காதேங்கோ.

2024 மார்கழியில ஃபோல்க்ஸ்வாகனில ஒப்பந்தம் எழுதினதைப் பார்த்திருப்பியள், 2030க்குள்ள 35 ஆயிரம் வேலை குறையும் ஆனா பக்டரி ஒண்டும் மூடமாட்டம், கோல்ஃப் கார் மெக்சிக்கோவின்ட புவெப்லாவுக்குப் போகும் எண்டு. எல்லாரும் 35 ஆயிரத்தைத்தான் பார்த்தவை, நான் பேப்பரைத் திருப்பித் திருப்பி எந்த மொடல் எந்த ஊரில எந்த வருசம் எண்டு போட்டிருக்கோ எண்டுதான் தேடினனான், போட்டிருக்கு.

எங்கட 800 தொன் பிரெஸ் 2024 பங்குனியில லொறி ஏறினது. நான் போய்ப் பார்க்கேல்ல, போட்டோ அனுப்பினவங்கள். இப்ப ரெண்டு மாசத்துக்கு முதல் அந்த செக் பொடியன், இப்ப அவனும் நாப்பதைத் தாண்டிட்டான், மெசேஜ் போட்டான், தங்கட ஹாலில ஆரோ வந்து மிசினை அளந்துகொண்டு போகினமாம், நீங்கள் அந்த நேரம் என்ன எழுதினனீங்கள் எண்டு கேட்டான். பழைய ஃபைலைக் கிளறி மிசின் வரியைத் தேடி எடுத்து, போனில மொழிபெயர்த்து அனுப்பினன். அங்க இப்ப சங்கம் இருக்கோ எண்டும் கேட்டன். நீல டிக் விழுந்திருக்கு, இன்னும் பதில் வரேல்ல.